'கத்தாதே' என்றொரு வைஃபை

போன வாரம் மருமகளைப் பரிதாபமான ஓர் இடத்தில் விட்டுவிட்டு வந்தோம். கம்ப்யூட்டர் திரையில் அவளுடைய இரண்டு கைகளும் அந்தரத்தில் அப்படியே நின்றுபோயிருந்தன. எதிர்ப்பக்கம், ஆஸ்பத்திரி அறையில், காது கேளாத தையல்காரர் ஒருவர் அந்தக் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவர் டாக்டரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்குக் கண் தெரியுமா?

டாக்டர் பதில் சொன்னார். அது மருமகளின் காதில் விழுந்தது. அவளும் கைகளால் அதைச் சொன்னாள். ஆனால் சொன்னது அவரைப் போய்ச் சேரவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றியது, பிறகு எல்லாம் கறுப்பு. வீட்டு வைஃபை வழக்கம்போல் மண்டையைப் போட்டுவிட்டது.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். டாக்டர் எழுத்து நல்ல கண்ணுக்கே பிடிபடாது. மங்கிப்போன கண்ணுக்கு எங்கே பிடிபடும்? பெரிய திரையில் அசையும் கைகள் மட்டும்தான் அவருக்குத் தெளிவாகத் தெரியும். அந்தக் கைகளே நின்றுவிட்டன. மனிதர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை, அவள் பல் விளக்கி முடிப்பதற்குள் மேலதிகாரி அம்மாள் போன் செய்துவிட்டார். வீடியோ வழியாகச் சைகை மொழிபெயர்ப்பு செய்து தரும் நிறுவனம் அவர்களுடையது. மருமகளைப் போல ஊருக்கு ஊர் ஆட்கள், வீட்டில் உட்கார்ந்தபடி வேலை பார்க்கிறார்கள்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு அதே டாக்டர், அதே தையல்காரர். அவரே உங்களத்தான் வேணும்னு கேட்டிருக்காரு."

"என்னையா?"

"ஆமா. பாதி பதில் உங்க கையிலதான் இருக்காம். மீதியையும் அதே கை சொல்லட்டும்னு சொல்றாரு." அம்மாள் கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு தடவை லைன் போச்சுன்னா உங்கள வச்சுக்க முடியாது. எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

"போகாது மேடம்" என்று மருமகள் சொல்லிவிட்டாள். எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

போனை வைத்துவிட்டு ஒத்திகைக்காக லேப்டாப்பைத் திறந்தாள். வட்டம் சுற்றியது.

"அத்தை! பீரோவைத் திறங்க! அணைச்சுப் போடணும்!"

பின்னறையிலிருந்து சாவிக்கொத்தின் சத்தம் வந்தது. இரும்புக் கதவு கிறீச்சிட்டது. "அணைச்சுட்டேன்! போட்டுட்டேன்! சூடு, கை வைக்க முடியல!" அத்தையின் குரல் தெருக்கோடி வரைக்கும் போயிருக்கும்.

அத்தையின் குரலைப் பற்றி ஒரு வார்த்தை. வயசுக் காலம் முழுக்க நூல் மில்லில் வேலை பார்த்தவள். நூறு எந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. மில்லை விட்டு வந்த பிறகும் தொண்டை மில்லிலேயே இருக்கிறது. உப்பு கேட்டாலும் ஊரைக் கூட்டுவதுபோல்தான் கேட்பாள்.

அப்படிப்பட்டவளுக்குக் காது கேளாத ஒரு மகள் பிறந்தாள்.

மிளகு என்பது அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர். ஆள் சிறிசு, காரம் அதிகம். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் அறை விளக்கை அணைத்து அணைத்துப் போட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அத்தையைத் தவிர. அத்தை கத்தினாள். கத்தினால் என்றைக்காவது ஒருநாள் கேட்டுவிடும் என்ற நப்பாசையோ என்னவோ. கத்தும்போது வாய் கோணும், முகம் சிவக்கும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பெண்ணுக்கு அம்மா எப்போதும் கோபமாகவே தெரிந்தாள்.

வீட்டுக்கு முதன்முதலில் வைஃபை வந்தபோது அதற்குப் பெயர் வைத்தவள் மிளகுதான். 'கத்தாதே' என்று வைத்தாள். பார்த்துவிட்டு வீடே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை.

பிறகு ஒருநாள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மிளகு கையை ஆட்டி ஆட்டிப் பேச, "கையக் கட்டிக்கிட்டு உக்காரு" என்று அத்தை அதட்டினாள். மற்ற பிள்ளைகளிடம் சொன்னால் அது சாதாரண அதட்டல். மிளகிடம் சொன்னால் வாயைத் தைத்துக்கொள் என்று அர்த்தம். அந்த வாரமே மிளகு பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூரில் ஓர் அச்சகத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். அதோடு சரி. அண்ணிக்கு மட்டும் எப்போதாவது, நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி வரும்.

அந்த அண்ணிதான் நம் மருமகள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், கப்பலில் எந்திரம் பார்க்கும் கணவன் கடலுக்குப் போய்விட, திக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் மிளகு. விரல் விரலாகப் பேசக் கற்றுக்கொடுத்தாள். பொழுதுபோக்காக ஆரம்பித்தது, பின்னால் பரீட்சையாகி, சான்றிதழாகி, இன்றைக்குச் சோறு போடுகிறது. இந்தக் கை எனக்கு நாத்தனார் போட்ட நகை என்று மருமகள் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். அதை மிளகிடம் நேரில் சொல்ல மட்டும் வாய்க்கவில்லை.

"அண்ணி, புது ரவுட்டர்தான் வழி" என்றபடி வந்தான் கொழுந்தன். சோஃபா கடையில் ஃபிட்டர் வேலை அவனுக்கு. எங்கே எது பாதி விலைக்குப் போட்டாலும் முதல் ஆளாக நிற்பதால் அவனுக்கு ஆஃபர் என்று பெயர். "இன்னிக்கு ஆன்லைன்ல ஒண்ணு போட்டிருக்கான். பன்னெண்டு ஆன்டெனா!"

"ஏற்கெனவே நீ வாங்கியாந்தியே ஒரு எட்டுக்காலு, அது என்னாச்சு?" என்று பின்னறையிலிருந்து குரல் வந்தது.

ஆஃபர் தரையைப் பார்த்தான். பிளாட்பாரத்தில் வாங்கிய அந்த எட்டு ஆன்டெனா ரவுட்டர் வந்த வாரத்திலேயே கருகிவிட்டது. வாரண்டி கேட்கப் போனால் பிளாட்பாரம்தான் இருந்தது, ஆள் இல்லை.

"நானே கடைக்குப் போறேன்" என்றாள் மருமகள்.

"நானும் வரேன்" என்றாள் அத்தை.

அத்தையோடு கடைக்குப் போவது சாதாரண விஷயமில்லை. எதை வாங்கினாலும் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்து, பிடித்தால்தான் பொருள், இல்லையென்றால் திரும்பக் கடைக்கு. பிரஷர் குக்கர் ஒன்றை இப்படி நாலு தடவை மாற்றியவள். அந்தக் கடைக்காரர் இப்போதும் அவளைக் கண்டால் உள்ளே போய்விடுவார். ஆனால் ஒன்று, அவள் வாங்கி வந்த எதுவும் இந்த வீட்டில் ஏமாற்றியதில்லை.

ரவுட்டர் கடையை நடத்துவது ஒரு நடுவயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அலமாரி நிறைய டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் சிலந்தியும் விண்கலமும் கலந்த மாதிரி ஒரு படம்.

"இருக்கிறதிலேயே நல்லதா ஒண்ணு குடுங்க" என்றாள் மருமகள்.

"எதுக்குன்னு சொல்லுங்க, அப்புறம் நல்லதைத் தேடுவோம்."

"வீடியோல வேலை. நடுவுல நிக்கவே கூடாது."

"மாசம் எவ்வளவு வேகத்துக்குக் கட்டுறீங்க?"

மருமகள் சொன்னாள். கடைக்காரப் பெண்மணி உடனே மேல் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "அப்ப இந்தப் பெருசெல்லாம் உங்களுக்கு வேண்டாம். குழாய்ல வர்ற தண்ணிதான் வாளியில விழும். அண்டாவ வச்சா மட்டும் அதிகமா வந்துடுமா?"

அத்தைக்கு இந்தப் பேச்சு பிடித்துப்போனது. முக்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள். "ஆன்டெனா நிறைய இருந்தா நல்லதுன்னு என் பையன் சொல்றான்."

"கொம்ப எண்ணியாம்மா மாடு வாங்குறோம்?"

அத்தை சிரித்த சிரிப்பில் வெளியே போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நடுத் தட்டிலிருந்து ஒரு டப்பா இறங்கியது. விலை எட்டுக்காலைவிடக் கொஞ்சம் கூட, மேல் தட்டு விண்கலத்தில் பாதிகூட இல்லை. இதில் இரண்டு அலைவரிசை உண்டு என்று அவர் விளக்கினார். ஒன்று சுவர் தாண்டித் தூரம் போகும், ஆனால் நிதானம். இன்னொன்று நல்ல வேகம், ஆனால் இரண்டு சுவர் வந்தால் சோர்ந்துவிடும். வேலை செய்யும் மேஜைக்கு ரவுட்டரிலிருந்து நேராக ஒயரே போட்டுவிட்டால் இன்னும் பத்திரம். கம்பெனிக்காரன் அவ்வப்போது உள்ளே இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுப்பான். மலிவுச் சரக்கில் அது கிடையாது, வித்ததோடு மறந்துவிடுவான்.

"வேலை செய்யலன்னா?" இது அத்தை.

"ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்க, மாத்தித் தரேன். டப்பாவும் பில்லும் இருக்கணும். அதுக்கப்புறம் ரிப்பேர்னா மூணு வருஷம் வாரண்டி."

"யாரு பாப்பாங்க? நீங்களா, இல்ல வேற ஊருக்கு அனுப்பணுமா?"

"இதே தெருவுல சர்வீஸ் இருக்கு."

"சூடாகுமா?"

"லேசா ஆகும். காத்துப் பட வச்சா ஒண்ணும் ஆகாது."

அத்தை தலையாட்டினாள். திருப்திதான். எழுந்து நின்று, சம்பிரதாயத்துக்குக் கேட்பதுபோல் கடைசியாக ஒன்று கேட்டாள். "தூசி படாம பீரோவுக்குள்ள வச்சாலும் வேலை செய்யும்ல?"

கடைக்காரப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்குள்ள?"

"பீரோ."

"மர பீரோவா?"

"மரமா! நல்ல கனத்த இரும்புத் தகடும்மா. மில்லுல சம்பாதிச்ச காசுல நான் வாங்கினது. விலை போட்டு வாங்குன எதையும் நான் வெளிய வைக்கிறதில்ல. அவரு இருந்தப்பவே பின்னாடி ஓட்டை போட்டு ஒயர உள்ள விட்டுக் குடுத்தாரு."

கடைக்காரப் பெண்மணி சிரிக்கவில்லை, அதற்காக மருமகள் அவருக்கு வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டவள். அவர் மருமகளைப் பார்த்தார். மருமகள் தன் காலைப் பார்த்தாள்.

பீரோ! தினமும் இவள்தானே "பீரோவைத் திறங்க" என்று கூவினாள். படித்தவள், கம்ப்யூட்டரில் பிழைக்கிறவள். இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவைத்தால் எந்த அலை வெளியே வரும், எந்தக் காற்று உள்ளே போகும் என்று ஒரு நாளாவது தோன்றியதா? அவள் இந்த வீட்டுக்கு வந்தபோதே ரவுட்டர் பீரோவில் இருந்தது. சாமான் இருக்கும் இடம் அதுதான் என்று கண் பழகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். எட்டுக்கால் கருகியதற்கு எட்டுக்கால் மட்டுமே காரணம் இல்லை.

"வீட்டு நடுவுல, உசரத்துல, தொறந்த இடத்துல வைங்கம்மா" என்றார் கடைக்காரப் பெண்மணி மெதுவாக. "உங்க பழசும் சூட்டுல வெந்துதான் போயிருக்கும். புதுசு வேணும்தான். ஆனா இதையும் பீரோல வச்சா ஒரு மாசத்துல திரும்ப வருவீங்க."

விலையில் ஒரு காசு குறைக்கவில்லை. ஆனால் அத்தை வாசல் வரை போய், திரும்பி வந்து, நீளமாக இரண்டு ஒயர் இனாமாக வாங்காமல் நகரவில்லை.

வரும் வழியில் அத்தை வாயைத் திறக்கவே இல்லை. மருமகளுக்குப் பயமாகிவிட்டது. இந்தத் தொண்டை மௌனமாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

வீட்டுத் தெரு திரும்பியதும் அத்தை நின்றாள். "அன்னிக்கு அந்த ஆளு பதில் தெரியாம எழுந்து போனாருன்னு அழுதியே. அது என்னாலதானா?"

வேலை விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது மருமகளின் தொழில் கட்டுப்பாடு. ஆள் யார், என்ன வியாதி என்று அவள் மூச்சுவிட்டதில்லை. ஒருவர் தன் கேள்விக்குப் பதில் தெரியாமலே எழுந்து போய்விட்டார் என்று மட்டும் சொல்லி அழுதிருந்தாள். அத்தை அதை மறக்காமல் வைத்திருந்தாள்.

"நம்ம எல்லாராலயும்தான் அத்தை. நான் கூடக் கவனிக்கலையே."

"சாவி என் இடுப்புலதானே இருந்துச்சு" என்றாள் அத்தை.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றக்கூட நிற்கவில்லை. பீரோவைத் திறந்து, பழைய ரவுட்டரைப் பிடுங்கி வெளியே வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த ஆஃபரைச் சோற்றில் கை வைக்க விடவில்லை. "ஹால் சுவத்துல ஒரு பலகை அடி. காலண்டரைக் கழட்டிடு. ஒயரு கால்ல தட்டாம ஓரமா போகணும்."

"அம்மா, பசிக்குது."

"உன் அண்ணிக்குச் சோறு இறங்கி ஒரு வாரமாச்சு. உனக்கு ஒரு மணி நேரம் பசிச்சா என்ன?"

வெளியே நின்றிருந்த மருமகளுக்கும் அது கேட்டது. தான் சாப்பிடாததைத் தட்டைக் கழுவி மறைத்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஃபர் வாங்குவதில்தான் மட்டம், மாட்டுவதில் கெட்டிக்காரன். பலகை ஏறியது. ஒயர் சுவரோரமாக ஓடி ரவுட்டருக்கு வந்தது, இன்னொரு ஒயர் அங்கிருந்து மருமகளின் முன்னறை மேஜைக்குப் போனது. போனில் புது ரவுட்டரின் செயலியைத் திறந்தான்.

"பேரு என்ன வைக்கலாம் அண்ணி? பாஸ்வேர்டும் புதுசா வைக்கணும்னு போட்டிருக்கு."

"கடைல அவங்களும் அதான் சொன்னாங்க" என்றாள் மருமகள். அத்தைக்குச் சங்கடமில்லாத ஒரு பெயராக வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. "நம்ம வீடுன்னு வைப்போமா?"

"வேண்டாம்" என்றாள் அத்தை.

"அப்ப வேற..."

"பேரும் அதே. பாஸ்வேர்டும் அதே. ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

"அத்தை, 'கத்தாதே'ன்னா இருக்கணும்?"

"இருக்கட்டும். நான் எங்க போயி இன்னொண்ண மனப்பாடம் பண்றது?"

ஆஃபர் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தோளைக் குலுக்கினாள். அத்தையின் பிடிவாதத்தோடு மல்லுக்கட்ட நேரம் இல்லை, ஐந்து மணி நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய பெயரே போனது. ஆரஞ்சு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பச்சை வந்ததும் ஆஃபர் விசிலடித்தான்.

மருமகள் முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

திரையில் ஆஸ்பத்திரி அறை வந்தது. டாக்டர், ஒரு நர்ஸ். தையல்காரர் சட்டைப்பையில் இஞ்ச் டேப்போடு வந்திருந்தார். கடையிலிருந்து நேராக வந்திருப்பார். அவர் கைகள் கேட்டன, போன வாரம் கேட்ட அதே கேள்வியை.

டாக்டர் பேசத் தொடங்கினார். மருமகளின் கைகள் எழுந்தன.

"வலது கண்ணைக் காப்பாத்திடலாம். இடது கண்ணுல கொஞ்சம் மங்கல் இருக்கும். முழு இருட்டு வராது. ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க, அதுதான் முக்கியம்."

படம் நிற்கவில்லை. வட்டம் வரவில்லை. ஒவ்வொரு விரலும் போய்ச் சேர்ந்ததை அவர் முகத்தில் அவளால் பார்க்க முடிந்தது.

"ஊசியில நூல் கோக்க முடியுமா?"

"கண்ணாடி போட்டுக்கிட்டா முடியும்."

"என் பொண்டாட்டி கையைப் பார்க்க முடியுமா? அவளுக்கும் காது கேக்காது. கைதான் எங்களுக்குப் பேச்சு."

இதை டாக்டருக்கு வாய்விட்டுச் சொல்லும்போது மருமகளின் குரல் லேசாகத் தடுமாறியது. மொழிபெயர்ப்பவள் அழக் கூடாது. அவள் அழவில்லை. "நிச்சயமா பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னதைக் கைகளில் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.

தையல்காரர் கையெழுத்துப் போட்டார். பேனாவை வைத்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பி, நன்றி என்றார். பிறகு ஒரு குறும்பு. "இன்னிக்கு உங்க கை தூங்கல."

அழைப்பு முடிந்ததும் மேலதிகாரி அம்மாளிடமிருந்து ஒரே வரி வந்தது. அடுத்த வாரப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது. மருமகள் நாற்காலியில் சாய்ந்தாள். யாருக்கென்று நன்றி சொல்வாள்? கயிறு கட்டின கண்ணாடிக்கா, பசியோடு பலகை அடித்த கொழுந்தனுக்கா, சாவியை அவிழ்த்த அத்தைக்கா? எல்லோருக்கும்தான்.

கதவைத் திறந்தாள். கதவின் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே அத்தை நின்றிருந்தாள். நிற்கிற தோரணையைப் பார்த்தால் இன்றைக்கு மட்டும் நின்றவளாகத் தெரியவில்லை.

"நின்னுச்சா?"

"நிக்கவே இல்ல அத்தை! பதில் போய்ச் சேந்துடுச்சு." சொல்லிவிட்டு, யோசிக்காமல் அத்தையைக் கட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் அது பழக்கமில்லை. அத்தை கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தாள்.

"சரி சரி" என்று விலகியவள், புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். "கடைசியில கைய இப்படிக் கொண்டுபோன. அதுக்கு என்ன அர்த்தம்?"

"நன்றின்னு அர்த்தம்."

"காட்டு."

மருமகள் காட்டினாள். அத்தை செய்தாள். செய்த வேகத்தில் பக்கத்து ஸ்டூலிலிருந்த தம்ளர் கீழே விழுந்தது.

"அத்தை, உங்க கையும் கத்துது. மெதுவா."

இந்தத் தடவை அத்தை சிரித்தாள். திரும்பச் செய்தாள். விரல் கோணிக்கொண்டது, ஆனாலும் நன்றிதான் என்று புரிந்தது. மூன்றாவது தடவை இன்னும் மெதுவாகச் செய்தாள். மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள், சொன்னபடி கேட்டன.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆஃபர் ஒருவழியாகச் சாப்பிட்டு முடித்துப் போனோடு வந்தான். "அண்ணி, இத பாருங்க. நம்ம வைஃபைல யார் யாரு இருக்காங்கன்னு காட்டுது. உங்க லேப்டாப், உங்க போன், என் போன், அம்மா போன், டிவி. சிக்னல் தெரு வரைக்கும் போகுது! பீரோவுக்குள்ள இருந்தப்ப ஹாலுக்கே வராது."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டியலில் இன்னொரு பெயர் வந்து உட்கார்ந்தது.

மிளகு.

ஆஃபர் போனை ஒரு தட்டுத் தட்டினான். பெயர் போகவில்லை. மருமகள் அத்தையைப் பார்த்தாள். அத்தையின் முகம் வெளுத்திருந்தது, ஆனால் அதில் ஆச்சரியம் இல்லை. அப்போதுதான் மருமகளுக்கு எல்லாம் விளங்கியது. மாற்றக் கூடாத பெயர், மாற்றக் கூடாத பாஸ்வேர்டு. போனிலிருந்து அழிக்காமல் வைத்திருந்தால், பக்கத்தில் வந்ததும் அது தானாகச் சேர்ந்துகொள்ளும்.

"அவ வந்தா அது சேராமப் போயிடக் கூடாதுல்ல?" என்றாள் அத்தை. இத்தனை சன்னமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

இதற்கு முன்னால் எத்தனை தடவை வந்து வாசலோடு திரும்பிப் போனாளோ. இரும்புப் பீரோ யாருக்கும் சொல்லவில்லை.

மூவரும் வாசலுக்கு ஓடினார்கள். கேட்டுக்கு அப்பால், கொஞ்ச தூரத்தில், தோளில் பையோடு ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அந்த நடை யாருடையது என்று கேட்கத் தேவையில்லை.

அத்தை வாயைத் திறந்தாள். ஆயுசு முழுவதும் கத்திய வாய். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். கை சுவரைத் துழாவிற்று. வாசல் விளக்கின் ஸ்விட்ச் தட்டுப்பட்டது. அணைத்தாள், போட்டாள். மறுபடி அணைத்தாள், போட்டாள். எதிர்ச் சுவரில் வெளிச்சம் வந்து வந்து போனது.

போய்க்கொண்டிருந்தவள் நின்றாள். திரும்பினாள்.

கேட்டைத் திறந்துகொண்டு இறங்கிய அத்தை, தனக்குத் தெரிந்த ஒரே ஒரு வார்த்தையைக் கையால் சொன்னாள். நன்றி. விரல் கோணலாகத்தான் வந்தது. வந்ததற்கு நன்றியா, போனிலிருந்து அழிக்காமல் வைத்திருந்ததற்கா, அது அவளுக்கே தெரியாது. மெதுவாகச் சொன்னாள், கத்தாமல் சொன்னாள்.

மிளகு தோளிலிருந்த பையைக் கீழே வைத்தாள். அம்மாவின் கைகளையே நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவளுடைய கைகள் எழுந்து எதையோ சொல்லிவிட்டு, பதிலுக்காகக் காத்து நின்றன.

"என்ன சொல்றா?" என்றாள் அத்தை.

மருமகள் ஒரு கணம் தயங்கினாள். ஆனால் சொன்னதைச் சொன்னபடியே சொல்வதுதான் அவள் தொழில்.

"தனியா வரலயாம் அத்தை."

தெருமுனையில், விளக்கு வெளிச்சம் எட்டாத இடத்தில், ஓர் உருவம் நின்றிருந்தது. ஆணா பெண்ணா, சிறிசா பெரிசா என்று இங்கிருந்து தெரியவில்லை. அத்தை அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"வீட்ல இடம் இருக்குன்னு..." என்று ஆரம்பித்தவள், மருமகள் கையைத் தூக்கியதும் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ சொல்லாத. அதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குக் காட்டு."